எவ்லின் பெயரில் இருந்த அரவை மெஷின்

“இந்தக் கம்பெனியை நடத்துறது நீங்களா, உங்க வீட்டுக்காரரா?” என்று அரசாங்க அதிகாரி ஒருமுறை எவ்லினைக் கேட்டார்.

பெண்கள் தொடங்கும் சிறு தொழிலுக்கு மெஷின் கொடுத்து உதவும் திட்டம் அது. “நீதான்னு சொல்லு, மத்ததை நான் பாத்துக்குறேன்,” என்று கணவன் பிரையன் சொல்லி அனுப்பியிருந்தான். அவளும் தரையைப் பார்த்தபடி அப்படியே சொன்னாள். அன்று அது பொய்.

“வீட்டுக்குள்ளேயே அலிபாபா வேலையா பாஸ்? பேரு அவங்களுது, கடை உன்னுது,” என்று பெர்மாஸ் ஜெயா வட்டாரத்துக் கூட்டாளிகள் சீண்டினார்கள். பிரையன் சிரித்தான். ஆனால் மெஷின் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பயிற்சிக்கு வர வேண்டும் என்பது திட்டத்தின் விதி. எவ்லின் போனாள். மிளகாய் அரைத்துச் செய்யும் சம்பலைக் கெடாமல் போத்தலில் அடைக்கக் கற்றாள், கடைக்காரர்களிடம் பேசக் கற்றாள். பத்து பாகாட் ஊர் வரை சரக்கு போனது. போன் செய்தவர்கள் பிரையனிடம், “முதலாளியம்மா இருக்காங்களா?” என்று கேட்டார்கள். அதற்குப் பிறகுதான் அவன் அவளை அடிக்கக் கை நீட்ட ஆரம்பித்தான்.

ஒரு மத்தியானம் கடை வாசலில் லாரி வந்து நின்றது. உள்ளே குவாலிச் சட்டியில் சம்பல் கொதித்துக்கொண்டிருந்தது. பிரையனின் தங்கை ஷர்மைன் போத்தல்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். மெஷினைக் கழற்ற பிரையன் ஸ்பேனரோடு வந்தான்.

“மெஷினை எங்க கொண்டு போறீங்க?” என்று அடுப்பருகே நின்ற எவ்லின் கேட்டாள்.

“யோங் பெங்குக்கு. வாங்க ஆள் இருக்கு. நான் கார் கழுவுற கடை போடப் போறேன்.”

“திங்கக்கிழமை ஆபிசர் செக் பண்ண வர்றாங்க. இது விக்கக்கூடாத மெஷின் லா. அது இங்க இல்லன்னா திட்டத்துல இருந்து என் பேரையே தள்ளி வச்சிருவாங்க. கடையும் போயிரும்.”

“உன் பேரா? அந்தப் பேரை எழுதிக் கொடுத்தவனே நான்தான்.”

முடியைப் பிடித்து அவள் முகத்தை இரும்பு மேசையில் மோதினான். பல் உதட்டைக் கிழித்தது. லேபிள்களின் மேல் ரத்தம் கொட்டியது. விழுந்தவளை விலாவில் உதைத்தான். ஷர்மைன் கையிலிருந்த போத்தலோடு சுவரோரம் ஒதுங்கினாள்.

அவன் போல்ட்டைக் கழற்றக் குனிந்தான். எவ்லின் தவழ்ந்து வந்து மெஷினின் காலைப் பிடித்துக்கொண்டாள். ஸ்பேனர் அவள் விரல்களில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. அவன் மறுபடியும் ஓங்கினான். அவள் இன்னொரு கையால் அடுப்பைப் பிடித்து எழுந்து, குவாலியிலிருந்த சம்பலை அகப்பை நிறைய மொண்டு அவன் மேல் வீசினாள்.

கொதிக்கும் எண்ணெயும் மிளகாயும் கழுத்திலிருந்து தோள் வரை ஒட்டிக்கொண்டன. மாடு கத்துவதுபோல் கத்தினான். துடைக்கப் போன கையோடு தோலும் வந்தது. எவ்லின் மறுபடியும் அகப்பையைக் குவாலிக்குள் விட்டாள்.

“இப்ப தொட்டுப் பாரு.”

அவன் தடுமாறி வெளியே ஓடினான். லாரிக்காரர் அவனை ஏற்றிக்கொண்டு கிளினிக்கை நோக்கி லாரியை விரட்டினார். மெஷின் இருந்த இடத்திலேயே இருந்தது.

எவ்லின் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினாள். “ஷர்மைன், அடுப்பைக் கொஞ்சம் குறைம்மா. அடி பிடிச்சிரும். திங்கக்கிழமைக்குள்ள இதை எல்லாம் அடைச்சிரணும்.”

ஷர்மைன் அடுப்பை அணைத்தாள். கையுறைகளைக் கழற்றி மேசையில் வைத்தாள். அண்ணியின் முகத்தைப் பார்க்காமல், தரையில் கிடந்த ரத்தத்தைத் தாண்டி, லாரி போன பக்கமாக நடந்து போனாள்.