மாண்டலேயைப் பிடித்த நாள்

பர்மாவிலிருந்து திரும்பி ஒரு வருஷம் ஆன பிறகும், கோலப்பனின் சாயாக்கடையில் ஜெபதாஸிடம் சண்டைக் கதை கேட்பது ஓயவில்லை. மார்த்தாண்டத்துக்கும் குலசேகரத்துக்கும் இடையே பஸ் ஓட்டினார் அவர். காலை டிரிப் முடிந்து வண்டியை ஓரம் கட்டும்போதே கடைப் பெஞ்சில் ஆட்கள் நெருங்கி உட்கார்ந்திருப்பார்கள்.

டவுங்கு என்ற ஊரில் ஒரு மரக் கம்பெனி லாரிக்கு ஜெபதாஸும் சொந்த ஊர்ச் சிநேகிதன் செல்வதாஸும் மாறி மாறி டிரைவர்கள். வெள்ளைக்காரன் போய் ஒரு வருஷத்தில் பர்மாவுக்குள்ளேயே சண்டை மூண்டது. தனி நாடு கேட்ட கரேன் படை டவுங்குவைப் பிடித்தது; லாரியையும் பிடித்தது; லாரியோடு டிரைவர்களையும் கூட்டிக்கொண்டது. ஜெபதாஸ் அவர்களைக் குறை சொன்னதில்லை. அவரைப் போலவே வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். சோறு தின்னுமுன் ஜெபம் செய்வார்கள். ஓர் ஊரைப் பிடித்தால் முதலில் கோயில் மணியைத்தான் அடிப்பார்கள்.

"மெய்த்திலாவில ஏரோப்ளேன் தளத்தப் பிடிச்சாங்க. சர்க்கார் பட்டாளம் கொண்டு எறக்கின ப்ளேனிலயே ஏறிப் போயி மேமியோவப் பிடிச்சாங்க. பொறவு மாண்டலே! ராஜாக்கமாரு இருந்த ஊராக்கும். நானும் செல்வதாஸும் லாரியில கொடி கெட்டி உள்ள போனோம்."

"பொறவு ரங்கூனையும் பிடிச்சிருப்பாங்களே?" என்று ஒருநாள் ராஜையன் கேட்டார். அவர் ரப்பர் தோட்டக் கணக்கப்பிள்ளை.

"அது பெரிய கத. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

கதை எப்போதும் மாண்டலேயோடு நின்றுவிடும். ரங்கூனை எட்டாமல் பாதி வழியில் நின்றது, பிடித்த ஊர்களை ஒவ்வொன்றாக விட்டுத் திரும்பியது, கடைசியில் டவுங்குவும் போனது, லாரியைப் பள்ளத்தில் தள்ளிவிட்டுக் காட்டு வழியே நடந்தது — இதையெல்லாம் அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை.

ராஜையனின் மனைவி முந்திரி ஆலையில் வேலை செய்தாள். செல்வதாஸின் மனைவி செல்லபாய்க்கும் அங்கேதான் வேலை. கொட்டை உடைத்துக்கொண்டிருக்கும்போது ராஜையனின் மனைவி பெருமையாகச் சொன்னாள், "ஒனக்க மாப்பிள கொடி கெட்டின லாரியில மாண்டலேக்குப் போனாராமே!"

மறுநாள் காலை செல்லபாய் வேலைக்குப் போகவில்லை. பஸ் புறப்படுமுன் டிரைவர் கதவருகே வந்து நின்றாள்.

"அண்ணா, சண்ட தொடங்குமுன்னே எனக்க மாப்பிள டவுங்குல பத்து நாளு காய்ச்சலாக் கெடந்து செத்தாருன்னுதானே நீங்க பறஞ்சீங்க? பின்ன மாண்டலேக்கு எப்பிடிப் போனாரு?"

கண்டக்டர் விசில் அடித்தான். ஜெபதாஸ் இஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினார். புளியமரத்தடிக்கு அவளைக் கூட்டிப்போய்ச் சொல்லத் தொடங்கினார். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

மாண்டலே விழுந்த அன்று மத்தியானம் படையாட்கள் சந்தோஷத்தில் வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். நூற்றுக்கணக்கான துப்பாக்கிகள். செல்வதாஸ் லாரியின் பானெட்டில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். மேலே போன குண்டுகளில் ஒன்று அவன் தலையில் இறங்கியது.

"குனிஞ்சு கெடந்தான். சிரிக்கான்னு நெனச்சேன்" என்றார் ஜெபதாஸ்.

"ஆரு சுட்டது?"

"நம்ம ஆளுகதான். ஆருன்னு ஆருக்குத் தெரியும்? ஜெயிச்ச சந்தோஷத்துல சுட்ட குண்டுல செத்தான்னு ஒன்னட்ட எப்பிடிப் பறய? அதாக்கும் காய்ச்சலுன்னு பறஞ்சேன்."

செல்லபாய் தரையைப் பார்த்துச் சொன்னாள்:

"காய்ச்சல் அடிக்கடி வருது, ஊருக்கு வரட்டான்னு எனக்கு எழுதியிருந்தாரு. வீட்டுக்கு ஓடு போடணும், ஒரு வருஷம் கழிஞ்சு வாங்கன்னு நானாக்கும் எழுதினேன். நீங்க வந்து காய்ச்சலுன்னு பறஞ்ச நாளு முதலு அந்த ஓட்டுக்குக் கீழ நான் ஒறங்கல்ல அண்ணா."

ஜெபதாஸுக்கு இது தெரியாது. இருக்கிற சாவுகளில் காய்ச்சல்தான் கேட்பவளுக்கு நோகாதது என்று கப்பலிலேயே யோசித்து முடிவு செய்திருந்தார்.

"கடைசியில எனக்க பேரச் சொல்லி விளிச்சாருன்னு பறஞ்சீங்களே, அது?"

"அதும் கள்ளம்தான்."

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழுது முடிக்கும்வரை ஜெபதாஸ் நின்றார். பஸ்ஸில் யாரோ சத்தம் போட்டார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"எங்க அடக்கினீங்க?"

"கோயில் வளவுல. பாட்டுப் பாடித்தான் அடக்கினோம். மொத மண்ணு நான் போட்டேன். இது கள்ளமில்ல, செல்லபாய்."

"கடையில கத பறயும்போ இதையும் சேத்துப் பறயுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

சொன்னார். அடுத்த நாளே, மாண்டலேயிலிருந்து லாரியைப் பள்ளத்தில் தள்ளியது வரைக்கும் முழுவதும். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் பாதியில் எழுந்து போனார்கள். கோலப்பன் கழுவிய கிளாஸையே கழுவிக்கொண்டிருந்தார்.

"அப்பம் அவ்வளவு ஊரு பிடிச்சும் தோத்தாச்சா?" என்றார் ராஜையன்.

"தோத்தாச்சு. நான் பாத்த சண்ட எல்லாத்திலயும் ஜெயிச்சாங்க. ஆனா தோத்தாச்சு."

அதற்குப் பிறகு பெஞ்சில் அவ்வளவு கூட்டமில்லை. ராஜையன் மட்டும் எப்போதாவது காட்டு வழியைப் பற்றிக் கேட்பார்.

மாண்டலே விழுந்த மாதமான மார்ச்சில் செல்லபாய் வீட்டில் நினைவு ஜெபம் வைத்தாள். ஜெபதாஸ் கடைசி வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்தார். அந்நிய நாட்டில் காய்ச்சலால் மரித்த சகோதரன் என்று போதகர் ஐயர் தொடங்கினார்.

"காய்ச்சல் இல்ல ஐயரே" என்றாள் செல்லபாய், கண்ணைத் திறக்காமல். "குண்டு பட்டதாக்கும்."

போதகர் திருத்திக்கொண்டு ஜெபத்தைத் தொடர்ந்தார்.