எட்டாவது ஸ்க்ரூ

1

இந்தக் கதை நான் சொன்ன ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. புதன்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, என் கடையில் நின்றபடி, ஒரு தையல்கார அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். நான்கே வார்த்தைகள். அவற்றை வாயால் திருப்பி எடுக்கத் துப்பில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் பழைய ஸ்பீக்கர்களைச் சரிசெய்பவன். அதற்கு முன் ஆறு வருஷம் ஒரு கிடங்கில் இரவு வேலை பார்த்தேன். ஒருநாள் பாதி ஷிப்டில் எழுந்து வந்துவிட்டேன். காரணம் இந்தக் கதைக்கு வேண்டாம். கடைக்கு ஒரு பக்கம் சாவி வெட்டுபவர், மறுபக்கம் ஜெராக்ஸ்காரர். நான் எழுதுவதை முதலில் படிப்பவர் ஜெராக்ஸ்காரர்தான். இரண்டாவது ஆள் இன்னும் கிடைக்கவில்லை. அது நீங்களாக இருக்கலாம்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மழை விட்டிருந்தது. இரண்டு பெட்டிகளையும் குழந்தைகளைப் போல் அணைத்தபடி அவள்..."

(ஒரு பெட்டி பதினெட்டு கிலோ. இரண்டையும் அணைக்க வேண்டுமென்றால் அவள் பயில்வானாக இருக்க வேண்டும். பெட்டிகள் சரக்கு வண்டியில் வந்தன. மழையும் இல்லை.)

அப்புறம் இப்படி: "ஒலி என்பது நினைவின்"

இந்த இடத்தில் ஜெராக்ஸ்காரர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இதைப் படிக்கவாய்யா மெஷினை ஆஃப் பண்ணிட்டு வந்தேன்?"

சரி. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

2

அந்தத் தையல்கார அக்கா திங்கட்கிழமை வந்தார். வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கழற்ற மறந்திருக்கிறார்.

"ரெண்டும் அலறுது தம்பி. பாட்டுப் போட்டா தகரத்துல கல்லு உருட்டுற மாதிரி இருக்கு."

முன்பக்கத் துணியை எடுத்துவிட்டு, ஒலியெழுப்பும் காகிதக் கூம்பான கோனைச் சுற்றியிருந்த நுரை வளையத்தை விரலால் தொட்டேன். நனைந்த பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது.

"நுரை போயிடுச்சுக்கா. கழட்டிப் புதுசு ஒட்டணும்."

"அப்பா ஒண்ணு கேக்கச் சொன்னாரு. பெட்டியத் திறக்காம சரிபண்ண முடியுமான்னு."

"வாயத் திறக்காம பல்லப் புடுங்க முடியுமாக்கா?"

சிரித்தார். "அவர்கிட்ட இதையே சொல்றேன். அவருக்குப் பல்லே இல்ல."

அப்பாவும் தையல்காரர். எழுபத்தெட்டு வயது. இப்போது தைப்பதில்லை. காது பாதி போய்விட்டது, ஆனால் பாட்டு மட்டும் வேண்டும். "பெட்டி மேல கைய வச்சுக்கிட்டுதான் கேப்பாரு. காய்ச்சல் இருக்கான்னு பாக்குற மாதிரி."

"உங்களுக்குக் காது?"

"எனக்கென்ன? மெஷின் சத்தம் ஒரு பொட்டு மாறினாலே ஊசி முறியப் போகுதுன்னு தெரிஞ்சிடும். உடனே ஸ்க்ரூடிரைவரை எடுத்துடுவேன். யாரையும் கூப்பிட மாட்டேன்."

ரசீது எழுதிக்கொண்டிருந்தேன். பேச்சு எப்படி அங்கே போனது என்று நினைவில்லை. அப்பா ஆளைப் பார்த்தே அளவு சொல்லிவிடுவார் என்றார். தனக்கு நாடா வேண்டும் என்றார். பிறகு அதே குரலில் சொன்னார்:

"ஊர்ல பாதிப் பேர் அளவு என் நோட்டுல இருக்கு. எங்கம்மா அளவு இல்ல. எனக்கு நாலு வயசுல போயிட்டாங்க. சாகல, போயிட்டாங்க. அவங்க துணி எல்லாத்தையும் எரிச்சுட்டேன்னு சொன்னாரு அப்பா. ஒரு போட்டோ கிடையாது. அவங்க குட்டையா நெட்டையான்னுகூட எனக்குத் தெரியாது தம்பி. கேட்டா ரெண்டு நாள் பேச மாட்டாரு. எப்ப ரெடியாகும்?"

[இங்கே அவர் கண் கலங்கியதாக முதல் பிரதியில் எழுதினேன். கலங்கவில்லை. வெளியே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். "இருய்யா, வண்டிக்கென்ன பசிக்குதா?" என்று அக்கா கத்தினார். இதை எழுதினால் சோகம் கெடுகிறது. கெடட்டும்.]

3

என் வேலை முறை ஒன்றைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தவறு புரியாது.

ஜோடி ஸ்பீக்கர் வந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் திறக்க மாட்டேன். முதலில் இடதை முடிப்பேன். வலது அதுவரை சாட்சி மாதிரி மூடியே இருக்கும். எந்தக் கம்பி எங்கே போயிருந்தது, பழைய சத்தம் எப்படி இருந்தது என்பதற்கெல்லாம் அதுதான் ஆதாரம்.

செவ்வாய்க்கிழமை இடப் பெட்டியின் எட்டு ஸ்க்ரூக்களையும் கழற்றி, கோனைத் தூக்கினேன். பெட்டிக்குள் எதிரொலி வராமலிருக்கப் பஞ்சு வைத்திருப்பார்கள். அந்தப் பஞ்சு மட்கிப்போனால் வீட்டில் கிடைத்ததைத் திணிப்பார்கள். கம்பளி பார்த்திருக்கிறேன், தலையணை பார்த்திருக்கிறேன், ஒருமுறை ஒரு பையனின் பள்ளிச் சீருடை. இதில் ஒரு முழுக்கைச் சட்டை இருந்தது. நீலத்தில் சின்ன வெள்ளைப் புள்ளிகள்.

பழைய பசையைக் கோனின் விளிம்பிலிருந்து ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தெடுக்க வேண்டும். கோன் வெறும் காகிதம், முரட்டுத் துணி பட்டால் கிழிந்துவிடும். நூறு முறை துவைத்த பருத்திதான் அதற்குச் சரி. இந்தச் சட்டையைவிட நல்ல துணி கிடைக்காது. முதலில் பொத்தான்களை அறுத்தெடுத்தேன், காகிதத்தில் கீறல் விழக்கூடாதே. ஆறு பொத்தான். அவற்றை ஸ்க்ரூ டப்பாவில் போட்டேன். பிறகு கத்தரிக்கோலை எடுத்துச் சட்டையைப் பதினொரு துண்டாக வெட்டினேன்.

பொத்தான்கள் இடப்பக்கம் இருந்தன. பெண்கள் சட்டையில்தான் அப்படி வைப்பார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது.*

* தெரியாது என்பது உண்மை. ஆனால் இன்னொன்று தெரிந்திருக்க வேண்டும். பஞ்சுக்குப் பதில் துணி வைப்பவர்கள் கசக்கித் திணிப்பார்கள். இது கடையில் விற்கும் சட்டை மாதிரி இருந்தது: காலர் மேலே, கைகள் பின்னால் மடக்கி, மூலை பிசகாமல். அப்படி மடிக்க நேரமெடுத்திருக்கும். அந்த மடிப்பை ஒரே உதறில் பிரித்தேன்.

4

(இந்தப் பகுதியை மூன்று முறை தாண்டிப் போய் ஐந்தை எழுதினேன். முடியவில்லை.)

புதன்கிழமை அக்கா சும்மா பார்க்க வந்தார். அப்பா மணிக்கு ஒருமுறை கேட்கிறாராம். மேசைக்கு மேலே கம்பியில் துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. பேசிக்கொண்டே ஒன்றைத் தொட்டார். துண்டை எடுத்துத் திருப்பி, நகத்தால் விளிம்பை நீவினார். அது மணிக்கட்டுப் பட்டை.

"இது யாரு தைச்சது?"

நான் அவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உள்பக்கம் ரெண்டு மடிப்பு மடிச்சு, நூலு வெளிய தெரியாம அடிச்சிருக்கு. எங்கப்பா இப்படித்தான் அடிப்பாரு. வேற யாரும் அடிச்சு நான் பாத்ததில்ல. எங்கேருந்து தம்பி இது?"

அந்த நொடியில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. திறக்காமல் சரிபண்ணச் சொன்னது, பெட்டி மேல் கை, எரித்துவிட்டேன் என்றது. விளங்கியதும் வாய் முந்திக்கொண்டது.

"பழைய துணிக்கா. எடைக்கு வாங்குனது."

"அட." அவர் முகம் என்னவோ ஆனது. (என்ன ஆனது என்று பத்து வரி எழுதி அடித்துவிட்டேன்.) "இந்தத் துண்டை எடுத்துக்கட்டுமா? அப்பாகிட்ட காட்டணும். உங்களாட்டம் இன்னொருத்தர் ஊர்ல இருக்காருன்னு சொல்லணும்."

மாட்டேன் என்று சொல்லக் காரணம் கிடைக்கவில்லை. கொடுத்தேன்.

5

ஜெராக்ஸ்காரர் இதுவரை படித்துவிட்டுச் சொன்னது: "பொண்ணு சரி. அப்பனைத்தான் நம்ப முடியல. எரிச்சேன்னு சொல்லிட்டு ஸ்பீக்கருக்குள்ள ஏன் வைக்கணும்? பீரோல வைக்கலாமே?"

"பீரோவைப் பொண்ணு திறப்பா."

யோசித்தார். "சரி, அப்ப அந்தம்மா யார்கூடப் போனா?"

"தெரியாது."

"என்னய்யா கதை எழுதுற? முக்கியமானதெல்லாம் தெரியாதுங்கிற."

அவருக்கு இது கற்பனை. நடந்தது என்று நான் சொல்லவில்லை. (அதையும் பொய்க் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

பெரியவரை எழுத நானும் முயன்றேன். "அவர் சட்டையை மடித்தார். ஒருமுறை முகத்தோடு..." இல்லை. அவரை நான் பார்த்ததே இல்லை. அவருடைய மடிப்பையும் தையலையும்தான் பார்த்தேன், இரண்டையும் கெடுத்தேன்.

ஒன்று மட்டும் சோதித்துப் பார்த்தேன். இடப் பெட்டியில் புது நுரை ஒட்டி, வெறும் பெட்டியாகவே பாட்டுப் போட்டேன். மேலே கை வைத்தேன். அதிர்ந்தது. உள்ளே என்ன இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெட்டி அதிரும். பெரியவருக்குக் கிடைத்தது வேறு ஏதோ. எனக்கும் அப்படி ஒரு பெட்டி இருந்திருக்கலாம் என்று தோன்றியது. கையை எடுத்துவிட்டேன்.

6

வியாழக்கிழமை போன் வந்தது.

"தம்பி, துணியக் காட்டுனேன். ரொம்ப நேரம் கையில வச்சிருந்தாரு. நல்ல தையல்னாரு. வேற ஒண்ணும் சொல்லல. இப்ப என்னடான்னா, இன்னொரு பெட்டியத் திறக்கவே வேணாமாம். நாளைக்கே அப்படியே எடுத்துட்டு வரச் சொல்றாரு."

"ஏனாம்?"

"அது நல்லாத்தான் இருக்காம். நேத்துவரைக்கும் ரெண்டும் அலறுதுன்னவரு!" பேச்சுக்குப் பின்னால் அவருடைய மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினார். "தம்பி, உண்மையச் சொல்லுங்க. உள்ள என்ன இருக்கு?"

"பஞ்சுக்கா."

நான்கு வார்த்தைப் பொய் ஐந்தானது. இப்போது நானும் பெரியவரும் கூட்டாளிகள். நாங்கள் சேர்ந்து மறைப்பது அக்காவின் அம்மாவை.

7

இன்று வெள்ளி. நான்கு மணிக்கு அக்கா வருகிறார். கதைக்கு முடிவு வேண்டும்.

முடிவு ஒன்று: அவர் கண்முன்னே வலப் பெட்டியைத் திறக்கிறேன். உள்ளே மடித்த துணி. அவர் அதை எடுத்துத் தன் தோளோடு வைத்துப் பார்க்கிறார். படிக்க நன்றாக இருக்கும். ஆனால் ஒளித்தவர் உயிரோடு இருக்கிறார், திறக்காதே என்று சொல்லியிருக்கிறார். ஒருமுறை கேட்காமல் திறந்து என்ன கிழித்தேன் என்று எனக்குத் தெரியும்.

முடிவு இரண்டு: வாயை மூடிக்கொண்டு கொடுத்துவிடுகிறேன். பெரியவர் இனி வலப் பெட்டி மேல் மட்டும் கை வைப்பார். ஜெராக்ஸ்காரருக்கு இதுதான் பிடித்தது. "யாருக்கும் நஷ்டமில்ல பாரு." நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, குட்டையா நெட்டையா என்று தெரியாமல் ஒருத்தி மிச்ச ஆயுளையும் ஓட்டுவாள். அது நஷ்டமில்லையாம்.

முடிவு மூன்று: ஒரு வயதான அம்மா பழுதான ரேடியோ ஒன்றோடு என் கடைக்கு வருகிறார், அவர் போட்டிருக்கும் சட்டையின் மணிக்கட்டில்

வேண்டாம். இது முடிவில்லை, ஆசை.

8

மணி மூன்று இருபது. இடப் பெட்டி என் முன்னால் திறந்திருக்கிறது. புதுப் பஞ்சு வைத்துவிட்டேன். பஞ்சுக்கு நடுவில், ஒரு உறையில், ஆறு பொத்தான்களும் ஒன்பது துண்டுகளும் இந்தத் தாள்களும் இருக்கும். இதைப் பத்திரிகைக்கு அனுப்புவதாக இருந்தேன். அனுப்பப் போவதில்லை. ஆகவே நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால், பெட்டியைத் திறந்திருக்கிறீர்கள்.

நேரில் சொல்லத் தைரியம் இல்லாதவன் செய்யும் வேலை இது. அதை மறுக்கவில்லை.

கோனை வைத்து ஏழு ஸ்க்ரூக்களை நன்றாக முடுக்குவேன். எட்டாவதை அரைச் சுற்றுத் தளர்த்தி விடுவேன். தாழ்ந்த சுரம் வரும்போது மெல்லிதாக டிக் என்று அடிக்கும். தெரிந்தே ஒரு வேலையைக் கெடுத்துக் கொடுப்பது இதுதான் முதல் தடவை. அந்தச் சத்தம் காதுக்குத் தெரிந்தால் அக்கா ஸ்க்ரூடிரைவரோடு வருவார். கைக்குத் தெரிந்தால் பெரியவர் வருவார். அவர் அதை அப்படியே முடுக்கிவிடலாம், அது அவர் உரிமை. இருவரில் யார் முந்துகிறார்களோ, முடிவு அவர்களுடையது.

ஐயா, நீங்களாக இருந்தால், மன்னித்துவிடுங்கள். கேட்டது ஒன்றுதான், அதைக்கூட நான் செய்யவில்லை.

அக்கா, நீங்களாக இருந்தால், நேற்று மதியம் துண்டுகளை மேசையில் பொருத்தி வைத்து அளந்தேன். உங்கள் மாதிரி வராது, முடிந்தவரை சரியாக எழுதியிருக்கிறேன். தோள், பதினாலரை அங்குலம். கை, மணிக்கட்டுப் பட்டை இல்லாமல், இருபது. பட்டை உங்களிடமே இருக்கிறது, சேர்த்துக்கொள்ளுங்கள். காலர், பதின்மூன்று. பின்பக்க நீளம், இருபத்தாறே கால். மார்பளவு இல்லை. அந்தத் துண்டில் பசை துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டேன். குப்பை வண்டி புதன்கிழமை காலையிலேயே போய்விட்டது.

இன்னொன்று. இடுப்பின் இரண்டு பக்கத் தையலும் ஒருமுறை பிரிக்கப்பட்டு, பக்கத்துக்கு ஓர் அங்குலம் தளர்த்தி மறுபடி அடிக்கப்பட்டிருக்கிறது. பழைய ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிகின்றன. புதுத் தையலும் அதே கைதான். அப்படித் தளர்த்தியது எதற்கு, எந்த வருஷம் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்துவிடும்.

வலப் பெட்டியில் எட்டு ஸ்க்ரூக்களும் இறுக்கமாக இருக்கின்றன. அதை நான் தொடவில்லை.