கதவுக்கு அந்தப் பக்கம்

சின்னவனுக்கு ரேக் மாட்டுவதுதான் பிழைப்பு. அலுவலகம் அலுவலகமாகப் போவான். ஆளுயர இரும்புச் சட்டத்தை நிறுத்தி, கம்ப்யூட்டர் சாதனங்களை ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகி, பின்னால் தொங்கும் ஒயர்களைத் தலைவாரிப் பின்னுவதுபோல வாரிக் கட்டிவிட்டு வருவான். பதினான்கு வருடமாக இதே வேலை.

அவன் அண்ணன் வீட்டிலும் ஒரு ரேக் இருந்தது. இடுப்பு உயரம். எலெக்ட்ரிக் கிட்டாரை வீட்டிலேயே பதிவு செய்வதற்காக அண்ணன் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தது. அதை மட்டும் சின்னவன் தொட்டதே இல்லை.

“ஊர்ல இருக்கற ரேக்கெல்லாம் மாட்டற. உன் அண்ணன் ரேக் மட்டும் தேன்கூடு மாதிரி இரையுது. ஒரு ஞாயித்துக்கிழமை வந்து பாருடா.”

“வர்றேண்ணே.”

“எந்த வருஷத்து ஞாயித்துக்கிழமைன்னு சொல்லிடு. காலண்டர் வாங்கி வெக்கறேன்.”

இரண்டு வருடம் இப்படியே போனது. நான்கு மாதத்துக்கு முன் ஒருநாள், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே அண்ணன் இறந்துபோனான். தூங்குகிறான் என்று நினைத்து, கடைசி நிறுத்தம் வரை யாரும் எழுப்பவில்லை.

அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே குரல். பெற்ற அம்மாவே போனில் ஏமாந்திருக்கிறாள். எல்லாம் முடிந்த வாரம் சின்னவன் அண்ணிக்குப் போன் செய்து, “சாப்டீங்களா?” என்றான். மறுமுனையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அன்றிலிருந்து எடுத்த எடுப்பில் அவன் சொல்வது ஒன்றுதான்.

“சின்னவன் பேசறேன் அண்ணி.”

இந்த முறை கூப்பிட்டது அண்ணி. அப்போதும் அதையேதான் சொன்னான்.

“தெரியும் தம்பி, நான்தானே கூப்பிட்டேன்” என்றாள். “அவருகூட வாசிச்ச டிரம்மர் ஞாயித்துக்கிழமை காலைல வர்றாரு. அந்த அஞ்சு பாட்டையும் முடிச்சிடலாம்ங்கறாரு. ரேக்கைத் திரும்ப மாட்டணும்.”

அண்ணன் கடைசியாக ஐந்து பாட்டுக்கு வாசித்திருந்தான். கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்தது வெறும் கம்பிச் சத்தம். ஈர்க்குச்சியால் தட்டியதுபோல ஒல்லியாக இருக்கும். அதை ரேக்குக்குள் அனுப்பி, ஸ்பீக்கர் வழியாக வெளியே விட்டு, முன்னால் மைக் வைத்துப் பிடித்தால்தான் அது அண்ணனின் கிட்டார். அந்தக் கடைசி வேலையைத்தான் அவன் பிறகு செய்துகொள்ளலாம் என்று விட்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பதிவு முடிந்ததும் ரேக்கை டிரம்மர் எடுத்துக்கொண்டு போய்விடுவார். அண்ணி இப்போது குடிவந்திருக்கும் வீட்டில் ஒரு படுக்கையறையும் ஒரு சமையலறையும்தான். ரேக் இருந்தால் கட்டில் நுழையாது.

“ஒண்ணும் கஷ்டமில்ல. கழட்டறப்பவே எல்லாம் குறிச்சு வெச்சிருக்கேன். நீ மாட்டி மட்டும் வை” என்றாள் அண்ணி.

சனிக்கிழமை அவள் வேலைக்குப் போயிருந்தாள். கண்ணாடிக் கடையில் ஃப்ரேமுக்கு லென்ஸ் பொருத்துகிற வேலை. சின்னவன் பத்து மணிக்குச் சாவி போட்டுத் திறந்தான். படுக்கையறையில் கட்டில் சுவரோடு நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. நடுவில் வெற்றுச் சட்டம். சுற்றிலும் அட்டைப் பெட்டிகள். ஜன்னல் கம்பிக்குப் புதிதாகக் கருஞ்சிவப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். இன்னும் வாசம் போகவில்லை.

ஒயர் ஒவ்வொன்றிலும் ஒரு காகிதத் துண்டு ஒட்டியிருந்தது. அண்ணியின் குண்டுக் கையெழுத்து. ‘மூணாவது மெஷின், பின்னால், இடது ஓட்டை.’ குறித்து வைத்திருக்கிறேன் என்றாளே, இதுதான் என்று நினைத்துக்கொண்டான். அவனிடம் வேலை செய்கிறவர்களுக்குத் தலைகீழாக நின்று சொல்லிக்கொடுத்தாலும் இந்த ஒழுங்கு வராது.

சாதனங்களை வெளியே எடுத்தான். தூசி. முகப்பில் அங்கங்கே சிவப்பாகச் சின்னச் சின்னத் துளிகள். ஜன்னலைப் பார்த்தான். பெயிண்ட் அடிக்கிறவன் எந்த ஊரில்தான் பார்த்து அடிக்கிறான்?

அழுக்கோடு ஒரு சாதனத்தை மாட்டி அவனுக்குப் பழக்கமில்லை. ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்து ஒவ்வொரு முகப்பாகத் துடைத்தான். அழுத்தித் தேய்த்ததில் துளிகளும் வந்துவிட்டன. முதல்முறை மின்சாரம் கொடுக்கும்போது எல்லாம் பூஜ்ஜியத்தில் இருக்கவேண்டும். அதுவும் பதினான்கு வருடப் பழக்கம். இருபத்துமூன்று குமிழ்களையும் ஒன்று விடாமல் இடது கடைசிக்குத் திருப்பினான்.

மாட்டி முடித்து ஸ்விட்சைப் போட்டான். சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றியதுமே ரேக் இரைந்தது. அண்ணன் சொன்ன தேன்கூடு.

ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தான். இரண்டு சாதனங்களில் திருகு மாட்டும் இரும்புக் காதுகள் சட்டத்தில் உரசிக்கொண்டிருந்தன. எர்த் ஒரு வழியாகப் போகவேண்டியது, இரண்டு வழியாகச் சுற்றி இரைந்துகொண்டிருந்தது. திருகுகளைக் கழற்றி, பையிலிருந்து எட்டு பிளாஸ்டிக் வாஷர்களை எடுத்து, இரும்பும் இரும்பும் தொடாதபடி நடுவில் கொடுத்து மறுபடி முடுக்கினான். இரைச்சல் நின்றது.

மணியைப் பார்த்தான். இரைச்சலை எடுக்க ஆனது இருபது நிமிடம்.

பார்த்திருக்க வேண்டாம். தரையில் உட்கார்ந்தான். அப்புறம் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

அண்ணி ஐந்தரைக்கு வந்தாள். செருப்பைக் கழற்றிய கையோடு அறைக்குள் வந்து ரேக்கின்மேல் உள்ளங்கையை வைத்தாள். விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

“ஓடுதா? சத்தமே இல்ல?”

“இரைச்சலை எடுத்துட்டேன் அண்ணி.”

“எவ்வளவு நேரம் ஆச்சு?”

“ரொம்ப நேரம் ஆச்சு” என்றான் சின்னவன்.

அவள் தலையாட்டினாள். பிறகு முகப்பருகே குனிந்தாள். கடையில் லென்ஸைப் பார்ப்பதுபோல ஒரு கண்ணைச் சுருக்கி, மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

“தம்பி, புள்ளியெல்லாம் எங்க?”

“எந்தப் புள்ளி?” கேட்கும்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

“நெயில் பாலிஷ் புள்ளி. ஒவ்வொரு குமிழுக்கும் நேரா வெச்சிருந்தேன். அவரு கடைசியா வெச்சிருந்த இடம்.”

ஜன்னல் விளிம்பில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அவள் அதை எடுத்து விரித்துப் பார்த்தாள். அத்தனை புள்ளிகளும் ஒரே கறையாகியிருந்தன. நான்காக மடித்து, எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

“பெயிண்ட்டுன்னு நினைச்சிட்டேன் அண்ணி.”

“பெயிண்ட் அடிச்சது போன வாரம். இதெல்லாம் பெட்டிக்குள்ள இல்ல இருந்துச்சு?”

சின்னவன் காலியான அட்டைப் பெட்டியைப் பார்த்தான்.

“போட்டோதான் முதல்ல எடுத்தேன். ஃப்ளாஷ் அடிச்சு ஒண்ணும் தெரியல. அதனாலதான் புள்ளி.”

“திட்டிடுங்க அண்ணி.”

“திட்டினா வந்துடுமா?”

போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். டிரம்மருக்குப் போன் செய்தாள். அவர் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறாரே தவிர எந்தக் குமிழ் எங்கே இருந்தது என்று பார்த்ததில்லை. ‘காலைல பாத்துக்கலாம்மா, ஏதோ ஒண்ணு வெச்சுக்கலாம்’ என்றாராம். அதைச் சொல்லும்போது அண்ணி ‘ஏதோ ஒண்ணு’ என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

இரண்டாவது பாட்டின் நடுவிலிருந்து ஒரு துண்டை எடுத்து, அதுவே திரும்பத் திரும்ப ஓடும்படி சின்னவன் வைத்தான். அண்ணி ரேக்குக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். அவன் குமிழ்களைத் திருகினான்.

“இதுவா?”

“இல்ல.”

“இது?”

“தெரியல.”

“கொஞ்சம் கிட்ட வந்த மாதிரி இருக்கா?”

“எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு தம்பி. காதே மரத்துப்போச்சு.”

“பதினோரு வருஷம் கேட்டிருக்கீங்களே அண்ணி.”

“கேட்டேன். இப்படியா பக்கத்துல உக்காந்து கேட்டேன்? அவரு கதவைச் சாத்திக்குவாரு. நான் சமையல்கட்டுல கிடப்பேன். முடிச்சதும் உள்ளே இருந்தே ‘சத்தம் ஜாஸ்தியா இருக்கா’ன்னு ஒரு கேள்வி. ஜாஸ்தின்னு சொன்னா குறைச்சுடப் போறாராக்கும். பரவால்லம்பேன். அவ்வளவுதான் எனக்கும் அவரு பாட்டுக்கும்.”

சொல்லிவிட்டுத் திறந்திருந்த கதவைப் பார்த்தாள். பிறகு ஸ்டூலை விட்டு எழுந்தாள்.

“கதவைச் சாத்து.”

வெளியே போனாள். சமையலறையில் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. பாத்திரங்கள் ஒன்றோடொன்று மோதின. காலையில் கழுவி வைத்த பாத்திரங்கள்தான்.

“இப்ப போடு” என்று குரல் வந்தது.

போட்டான்.

“அடியில கனம் கம்மி.”

ஏற்றினான்.

“இன்னும். பழைய வீட்டுல கண்ணாடி டம்ளர் லேசா அதிரும். இங்க ஒண்ணும் அதிரல.”

ஏற்றினான்.

“ஆங். இப்ப கரகரப்பு வேணும்... ஐயோ அவ்வளவு வேண்டாம், சளி பிடிச்சவன் மாதிரி இருக்கு.”

சின்னவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பக்கமும் அவள் சிரித்தாளா, குழாய்ச் சத்தமா, தெரியவில்லை. திருப்பிய குமிழ்களுக்கு நேராகப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்தான். எதிரொலிப்பு கூடியது, குறைந்தது. கிரீச்சென்ற மேல் சத்தம் மழுங்கியது. வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. அவன் விளக்கைப் போடவில்லை.

ஒரு குமிழை மயிரிழை பின்னால் தள்ளினான். குழாய் நின்றது.

அவன் காத்திருந்தான். அந்தத் துண்டு இரண்டு சுற்று ஓடி முடிந்தது.

“கையை எடு தம்பி” என்றாள் அண்ணி. “அதேதான். தொடாத.”

கையை எடுத்தான்.

இன்னும் ஒரே ஒரு குமிழ்தான் பாக்கி. வாசிப்பு நிற்கிற இடங்களில் ஒலியை அடைத்துவிடுகிற சாதனம் அது. கம்பி அதிர்ந்தால் திறக்கும், ஓய்ந்தால் மூடும். இரைச்சலுக்குப் பயந்து அண்ணன் அதை இறுக்கித்தான் வைத்திருப்பான். போதாததற்கு அந்தப் பழைய கிட்டாருக்குக் காது உண்டு என்று டிரம்மர் கேலி செய்வார். பக்கத்தில் தும்மினாலும் கம்பிச் சத்தத்தோடு சேர்ந்து பதிவாகிவிடுமாம். இப்போது இரைச்சல் இல்லை. குமிழ் இன்னும் பூஜ்ஜியத்திலேயே, திறந்தே கிடந்தது. எவ்வளவு மூடவேண்டும் என்று பார்க்க, வாசிப்பு ஓய்கிற ஓர் இடம் வேண்டும். சின்னவன் ஐந்தாவது பாட்டின் கடைசிக்குப் போனான்.

கடைசி ஸ்வரம் நீண்டு, மெலிந்து, காணாமல் போனது. அதற்குப் பின்னால் சுத்தமான அமைதி. இதை மூடவே வேண்டாம் என்று நினைத்து, நிறுத்தக் கையை நீட்டினான்.

ஸ்பீக்கரில் நாற்காலி கிரீச்சிட்டது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். பிறகு டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல, ஆனால் தெளிவாக:

“சத்தம் ஜாஸ்தியா இருக்கா?”

“இல்லங்க, பரவால்ல” என்றாள் அண்ணி, சமையலறையிலிருந்து, உடனே.

“சரி” என்றது ஸ்பீக்கர்.

கிளிக் என்று ஒரு சத்தம். பதிவு அவ்வளவுதான்.

சின்னவனின் கை நீட்டியபடியே இருந்தது. சமையலறையில் ஏதோ ஒரு பாத்திரம், சத்தம் வராமல், மேடையில் வைக்கப்பட்டது. அண்ணன் இருந்தவரைக்கும் அந்தக் கேள்வியை இரைச்சலோடு சேர்த்து அந்தக் குமிழ் விழுங்கியிருக்கும். அவனே கேட்டிருக்கமாட்டான்.

காலடிச் சத்தம் கதவுவரை வந்து நின்றது. கதவு திறக்கவில்லை.

“தம்பி” என்றாள் அண்ணி, கதவுக்கு அந்தப் பக்கமிருந்து. “இப்ப நீயா கேட்ட?”

சின்னவன் வாயைத் திறந்தான். எதைச் சொன்னாலும் அதே குரலில்தான் வரும். வாயை மூடிக்கொண்டு, எழுந்துபோய்க் கதவைத் திறந்தான்.