போல்டு அக்காவும் சிவப்புக் கயிறும்

நான் வேலை பார்க்கற குழந்தை உணவு ஃபேக்டரியில எதுக்கெடுத்தாலும் 'போல்டு'தான். ஒருத்தி முடியைக் கட்டையா வெட்டிக்கிட்டா போல்டு. மாமியாரை எதிர்த்துப் பேசினா போல்டு. உதட்டுச் சாயம் கொஞ்சம் தூக்கலா இருந்தா அதுவும் போல்டு. ஃபேன் ஓடலன்னு மேனேஜர்கிட்ட நான் ஒரு தடவை கத்தினேன், அன்னையிலேருந்து என் பேரே 'போல்டு அக்கா' ஆயிடுச்சு. எனக்கும் உள்ளுக்குள்ள ஒரே பெருமை.

என் ஓரகத்தி, அதான் கொழுந்தன் பொண்டாட்டி, எனக்கு அப்படியே நேரெதிர். யாராவது தும்மினாலே பதறுவா. அவளை நான்தான் இங்க சேர்த்துவிட்டேன். அவ வேலை நிரந்தரமா, இல்ல வீட்டுக்குப் போகச் சொல்லுவாங்களான்னு ஒரு நாள் சாயந்திரம் முடிவாகறதா இருந்துச்சு. கொழுந்தனுக்கு வேலை போய் ரொம்ப நாளாச்சு. அவங்க குடும்பமே அவ சம்பளத்தைத்தான் நம்பியிருந்துச்சு.

அன்னைக்கு மத்தியானம் ரெண்டு பேரும் மாவு டப்பாவுக்கு மூடி போட்டுக்கிட்டிருந்தோம். திடீர்னு என் கையைப் புடிச்சா. "அக்கா, என் கோட்ல ஒரு பட்டனைக் காணோம்."

நான் சுத்திமுத்தும் பார்த்தேன். "வாயை மூடு. வீட்ல விழுந்திருக்கும். இன்னைக்குப் பார்த்தா இதைச் சொல்லுவ?"

"காலையில இங்க போடறப்ப இருந்துச்சுக்கா."

மெஷினை நிறுத்த மேல ஒரு சிவப்புக் கயிறு தொங்கும். இழுத்தா மொத்த லைனும் நின்னுடும், எல்லார் வாயிலயும் விழணும். நானே அதைத் தொட்டதில்ல. இந்தப் பயந்தாங்கொள்ளி, அழுதுகிட்டே எக்கி இழுத்துட்டா!

மேனேஜர் ஓடி வந்து காய்ச்சு காய்ச்சுன்னு காய்ச்சினார். டப்பா எல்லாத்தையும் பிரிச்சுக் கொட்டி, மாவைச் சலிச்சோம். கடைசியில சல்லடையில கிடந்துச்சு, சின்ன வெள்ளைப் பட்டன்.

"உனக்கு எங்கேருந்தும்மா இவ்ளோ தைரியம்?" மேனேஜர் குரலே இறங்கிடுச்சு.

"தைரியமெல்லாம் இல்ல சார். பயந்துபோய்த்தான் இழுத்தேன். ஏதாவது குழந்தை முழுங்கிட்டா?"

அவர் பட்டனை எடுத்துச் சட்டைப் பையில போட்டுக்கிட்டார். "நாளைலேருந்து அந்தக் கயித்துக்குக் கீழ நீயே நில்லு. உன் வேலை நிரந்தரம்."

அவ அதுக்கும் அழுதா, லூசு. எனக்கும் கண்ணு கலங்கிடுச்சு.

வீட்டுக்கு வந்ததும் அவ கோட்டை வாங்கிக்கிட்டேன். "குடுங்கக்கா, நானே தைச்சுக்கறேன்"னா.

"போடி போல்டு"ன்னேன். நூலை ரெட்டையாப் போட்டு, எல்லாப் பட்டனையும் இறுக்கித் தைச்சுக் குடுத்தேன்.