காட்சிக்கு வைத்த பீங்கான்

எங்கள் கடையில் கழிப்பறைச் சாமான்கள்தான் வியாபாரம். வாஷ்பேசின், குழாய், டைல்ஸ், அப்புறம் வரிசையாகக் கம்மோடுகள். தரையில் உட்காருவது, சுவரில் தொங்குவது, மூடி தானாக மெல்ல இறங்குவது என்று தினுசு தினுசாகக் கண்ணாடிக்குப் பின்னால் விளக்குப் போட்டு நிறுத்தியிருக்கிறோம். எதற்கும் தண்ணீர் இணைப்புக் கிடையாது. கடைக்கென்று ஒரு கழிப்பறை இருந்தது. இடம் வீணாகிறதே என்று அண்ணன் அதில் குழாய்ப் பெட்டிகளைக் கூரை முட்ட அடுக்கிவிட்டார். ஆக, ஊருக்கே கக்கூஸ் விற்கிற கடையில் அவசரத்துக்கு ஒதுங்க இடமில்லை.

கேட்கிறவர்களுக்கு இது வேடிக்கை. எனக்குப் பெருங்குடல் முழுக்கப் புண்.

டாக்டர் நாசூக்காகத்தான் சொன்னார். இது வந்தால் போகாது, அடக்கி வைக்கலாம், அதுவும் அதற்கு மனசிருந்தால். வயிறு முறுக்கும், ரத்தம் போகும், வந்துவிட்டது என்றால் வந்துவிட்டதுதான், தவணை கேட்க முடியாது. எங்கள் பரம்பரையால் பேசிப் படிய வைக்க முடியாத ஆளே இருந்ததில்லை. என் குடல்தான் முதல் ஆள்.

அதனால் கடைத்தெருவை நான் வேறு மாதிரி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். எதிரே வங்கி, மாடியில் பல் டாக்டர், மூலையில் லாட்ஜ். எந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு, எங்கே தண்ணீர் நின்றுபோகும் என்பதெல்லாம் அத்துப்படி. வங்கி வாட்ச்மேனுக்கு நான் போட்ட வணக்கங்களை மந்திரிக்குப் போட்டிருந்தால் ஏதாவது லைசென்ஸாவது கிடைத்திருக்கும்.

இந்த ஓட்டத்துக்கு அண்ணன் வேறு கணக்குப் போட்டார். பேச்சுக்கு நடுவில் எழுந்து போகிறேன், எங்கே என்று சொல்வதில்லை. போதாக்குறைக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையில் முகம் உப்பிக் கன்னம் பளபளவென்று ஆகிவிட்டது. "தம்பி முகத்துல செழிப்பு வந்துடுச்சே" என்று பக்கத்துக் கடைக்காரர்கள் கண் வைத்தார்கள். வியாபாரிகள் தெருவில் ஒருவனுக்குக் கன்னத்தில் சதை வைத்து, அவன் அடிக்கடி காணாமலும் போனால், தனிக்கடை போடப் போகிறான் என்று அர்த்தம். என் மனைவியின் அண்ணனுக்கோ அடுத்த தெருவில் டைல்ஸ் வியாபாரம். அண்ணனுக்கு வேறு சாட்சியே தேவைப்படவில்லை.

ஆனாலும் ஒரு சாட்சி கிடைத்துவிட்டது. காட்சிக்கு வைத்திருந்த கம்மோடுகளில் வெளிநாட்டுப் பீஸ் ஒன்று காணாமல் போயிற்று. கை தவறி உடைந்துவிட்டது, குப்பையில் போட்டுவிட்டேன் என்றேன். அண்ணன் தலையை ஆட்டிவிட்டுக் கணக்கு நோட்டைப் புரட்டினார். அவர் சண்டை போடாதபோதுதான் பயப்பட வேண்டும். மறுநாள் மச்சான் கடைப் பக்கமாக அவர் மெதுவாக நடந்து போனதை நான் பார்த்தேன்.

நோயைச் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்பீர்கள். மயிரிழைக் கீறல் உள்ள பேசினைக் கீறல் சுவர்ப்பக்கம் இருக்கும்படி வைக்க வேண்டும் என்று எங்களுக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார் அப்பா. பேரத்தில் முதலில் வாயைத் திறக்கிறவனுக்கு நஷ்டம் என்றும் சொல்லிக் கொடுத்தார். நோயாளி சொல்லுக்குக் கடைத்தெருவில் பாதி மதிப்புத்தான். அவனை நம்பி எவன் நாளைக்குச் சரக்கு அனுப்புவான்? மனைவிக்கு மட்டும் தெரியும். நானும் கீறலைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றேன்.

ஒருநாள் கடை அடைக்கும் நேரத்தில் அண்ணன் பேச்சை எடுத்தார். வரும் வாரம் ஃபேக்டரிக்குச் சரக்குப் பார்க்கப் போகிறாராம். கம்பெனி ஆள் வேன் கொண்டு வருகிறானாம். இதற்கு முன் இப்படி எத்தனையோ பயணங்களுக்கு நான் தலைவலி, காய்ச்சல், மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்று சாக்குச் சொல்லியிருந்தேன். அந்தப் பாவப்பட்ட அம்மாளுக்கு ஒரே வருஷத்தில் கண்ணில் எத்தனை ஆபரேஷன்தான் ஆகும்?

"இந்தத் தடவை நீ வர்றே," என்றார் அண்ணன். "வரலேன்னா உன் மச்சான்கூடவே இருந்துக்கோ. நான் தடுக்க மாட்டேன். ஆனா அதுக்கப்புறம் இந்தப் படி ஏறாதே."

அவர் கத்தியிருந்தால் நான் சமாளித்திருப்பேன். விலையை முடிவாகச் சொல்லும் குரலில் சொன்னார். பள்ளிக்கூடம் விட்டு நேராக இந்தக் கடைக்கு வந்தவன் நான். குழாயைத் தட்டிப் பார்த்தால் அது பித்தளையா, பித்தளை மாதிரியா என்று சொல்வேன். இதைத் தவிர எனக்கு ஒரு வேலையும் தெரியாது.

அதே வாரம் எனக்கு மருந்து ஏற்றும் நாள் வந்தது. மாத்திரைக்கு அடங்காததால் ஆஸ்பத்திரியில் நாற்காலியில் உட்கார வைத்துச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றுவார்கள். அந்த அறையில் ஒவ்வொரு தடவையும் வாய்க்கிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் தையல்காரர், அளவு எடுக்கும்போது வயிறு முறுக்கிப் பல்லைக் கடித்துக்கொண்டே டேப்பை இழுத்ததில் ஒரு கல்யாண மாப்பிள்ளைக்குப் பேன்ட்டே ஏறவில்லை என்று சொல்லிச் சிரிப்பார். இன்னொருவர் பஸ் கண்டக்டர். கண்டக்டரம்மா என்போம். குடல் நோயோடு பஸ்ஸில் வேலை பார்ப்பதற்கு ஒரு தைரியம் வேண்டும். அதைப் பற்றி வாய் விட்டுப் பேச அதைவிடத் தைரியம் வேண்டும். அவரிடம் இரண்டும் இருந்தன.

அன்றைக்கு அவர் ஒரு கதை சொன்னார். பாதி வழியில் வயிறு புரட்டிவிட்டது. டிரைவருக்கு விசில் கொடுத்து நிறுத்தி, வாசல் திறந்திருந்த முதல் வீட்டுக்குள் ஓடினாராம். வாசலில் கூட்டம், உள்ளே அழுகை. சாவு வீடு. வலியில் இவர் கண்ணிலும் தண்ணீர் ஓடுவதைப் பார்த்து நெருங்கிய சொந்தம் என்று எல்லோரும் வழி விட்டிருக்கிறார்கள். காரியம் முடிந்து வெளியே வந்தவர், உடனே கிளம்பினால் நன்றாக இருக்காதே என்று பிணத்தின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து அழுதுவிட்டு வந்தாராம். பஸ் நிறைய ஜனம் ரோட்டில் காத்திருந்தது.

"டிரைவர் யாரு செத்ததுன்னு கேட்டார். அதான் எனக்கும் தெரியலைன்னேன்," என்றார்.

தையல்காரர் சிரித்ததில் அவர் கை ஊசி நகர்ந்து, நர்ஸ் வந்து திட்டினாள். நான் வழக்கம்போல் பல்லைக் காட்டிவிட்டு ஜன்னலைப் பார்த்தேன்.

"முதலாளி மட்டும் டிக்கெட் எடுக்காமலே வர்றார்," என்றார் கண்டக்டரம்மா, என்னைக் காட்டி. "நாங்க சொல்றதெல்லாம் கேக்கறீங்க. நீங்க ஒண்ணும் தர்றதில்ல. ஓசிப் பயணம். இன்னைக்கு இறக்கி விட்டுடுவேன்."

எங்கள் தொழிலில் ஒருவரிடம் ஓசியில் வாங்கினான் என்று பெயர் வரலாம். அதை முகத்துக்கு நேரே சொல்லக் கூடாது. அந்த ரோஷத்தில்தான் வாயைத் திறந்தேன் என்று இன்னமும் நினைக்கிறேன்.

சொன்னேன். அந்தப் பீஸ் காணாமல் போன அன்று வங்கிக்கு விடுமுறை. பல் டாக்டர் ஊரில் இல்லை. அண்ணன் சாப்பிடப் போயிருந்தார், வேலையாட்கள் சரக்கு இறக்க லாரி நிற்கிற இடத்துக்குப் போயிருந்தார்கள். லாட்ஜ் வரை கால் தாங்காது என்று வயிறு சொல்லிவிட்டது. ஷட்டரைப் பாதி இழுத்து விட்டுவிட்டு, காட்சியிலிருந்ததில் ஓரமாக நின்ற வெளிநாட்டுப் பீஸின் மேல் உட்கார்ந்தேன். தலைக்கு மேலே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஷட்டருக்குக் கீழே ஜனங்களின் கால்கள் போய் வந்தன. விலைச் சீட்டு என் முழங்காலில் இடித்தது. அப்புறம் பார்த்தால் உள்ளெல்லாம் ரத்தம். தண்ணீர் இல்லை. துடைத்துப் பார்த்தேன், இன்னும் ஈஷியது. அண்ணன் வரும் நேரம். சுத்தியலை எடுத்து அடித்து நொறுக்கிச் சாக்கில் கட்டிக் குப்பை வண்டியில் போட்டேன்.

"விக்கறதுக்கு வெச்சதை நீங்களே சோதிச்சுப் பார்த்துட்டீங்க," என்றார் தையல்காரர்.

மூன்று பேரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு நிற்கவில்லை. பாதியில் அது சிரிப்பாக இல்லை என்று எனக்கே தெரிந்தது, அவர்களுக்கும் தெரிந்தது. இருவரும் என்னைப் பார்க்காமல் மருந்துப் பாட்டிலைப் பார்த்தார்கள். அந்த மரியாதையை நான் மறக்க மாட்டேன். சுத்தியலால் அடித்த நாளிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தது.

கடைசியில் ஃபேக்டரிப் பயணத்தையும் சொன்னேன். கண்டக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அண்ணன்கிட்ட சொல்லிடுங்க. மொதல் தடவை நம்ப மாட்டாரு. எங்க டிப்போ மேனேஜர் நம்பினாரா? வேலைக்குச் சோம்பல்னு எழுதினார். மறுபடி சொல்லுங்க. மறுபடியும் சொல்லுங்க. நமக்கு வாய் வலிக்கும், அவ்வளவுதான்."

மறுநாள் ஷட்டர் தூக்கிய கையோடு அண்ணனிடம் சொன்னேன். நோயிலிருந்து ஆரம்பித்து உடைந்த பீஸ் வரை வந்தேன். அவர் நாற்காலியைத் துடைத்தபடி கேட்டார். முடிந்ததும் நிமிர்ந்தார்.

"கழுவியிருந்தா போச்சு," என்றார். "அந்த விலை பீஸை எவனாவது உடைப்பானா? உன் மச்சான் யோசிச்சுக் கொடுத்தானா இந்தக் கதையை? நல்லாத்தான் இருக்கு. வேன்ல ஏறு, நம்பறேன்."

அவர் மேல் கோபப்படவும் முடியவில்லை. ஆயுள் முழுக்க அவர் கண்முன்னால்தானே நான் வாடிக்கையாளர்களுக்குக் கதை விட்டுச் சரக்குத் தள்ளியிருக்கிறேன். அதையெல்லாம் அவரே ரசித்திருக்கிறார். இன்றைக்கு உண்மையைக் கொண்டு போனால், அதையும் சரக்கு என்றுதான் பார்ப்பார்.

மனைவி போக வேண்டாம் என்றாள். போகாவிட்டால் கடை போச்சு என்றேன். போனால் நீங்கள் போய்ச் சேர்ந்துவிடுவீர்கள் என்றாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருப்பதாக எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. பயணத்துக்கு முதல் நாளிலிருந்தே நான் பட்டினி. காலியான வயிறு வம்பு செய்யாது என்று ஒரு நம்பிக்கை. பையில் மாற்றுத் துணி வைத்துக் கொடுத்தாள்.

வேனில் முன்சீட்டில் டிரைவரும் கம்பெனி ஆளும், பின்னால் நானும் அண்ணனும். கம்பெனி ஆள் புது மாடல்களின் பெருமையை ஓதிக்கொண்டே வந்தான். ஊர் தாண்டி, கடைகள் தாண்டி, இரண்டு பக்கமும் ஒன்றுமில்லாத ரோடு வந்தபோது வயிற்றில் அந்த முறுக்கு தொடங்கியது. அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வெளியே பார்த்தேன். வேர்வை காதோரமாக இறங்கிற்று. பழைய பழக்கம் வாயில் வந்து நின்றது: ஒன்றுமில்லை, காற்று வரட்டும் என்று ஜன்னலைத் திறக்கிறேன் என்று சொல்லலாம். சொல்லி, இந்த சீட்டிலேயே அசிங்கப்பட்டு, அப்புறம் இறங்கி நிற்கலாம்.

"வண்டியை நிறுத்துங்க," என்றேன். "எனக்குக் குடல்ல நோய். ரத்தமா போகும். இப்ப போகணும், அடக்க முடியாது."

கம்பெனி ஆள் பேச்சைப் பாதியில் விட்டான். நான் அண்ணன் பக்கம் திரும்பவில்லை. அவர் டிரைவர் தோளைத் தட்டுவது மட்டும் தெரிந்தது. ரோட்டை விட்டுத் தள்ளி ஒரு வீடு இருந்தது. வண்டி முழுசாக நிற்கும் முன்பே அண்ணன் இறங்கினார். எங்கேயும் அவசரப்பட்டு நடந்து நான் பார்த்திராத மனிதர், கேட்டைத் தள்ளிக்கொண்டு ஓடினார். நான் போய்ச் சேரும்போது வீட்டுக்காரம்மா பின்பக்கக் கதவைத் திறந்து வைத்திருந்தார்.

உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன். என்ன நடந்தது என்று விவரிக்க வேண்டாம். முன்பெல்லாம் போனதைவிட அதிகமாகப் போயிற்று. மருந்து ஏற்றி ஒரு வாரம்கூட ஆகவில்லை. சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். மேலே சின்ன வெண்டிலேட்டர்; அதன் வழியாக வெளியே நிற்கிறவர்களின் பேச்சு தெளிவாகக் கேட்டது.

"என் தம்பிம்மா," என்று அண்ணன் சொன்னார். "குடல்ல புண்ணாம். ரொம்ப நாளா. என்கிட்டச் சொன்னான். நான்தான் கதைன்னு நெனச்சேன். அவனை வேற மாதிரி நெனச்சிட்டிருந்தேன்." அப்புறம், "அவன் உடைச்சது ஒரு பீஸ். நான் என்னென்னவோ பேசிட்டேன்," என்றார்.

பீஸ் என்றால் என்னவென்று அந்த அம்மாவுக்குப் புரிந்திருக்காது. அவர் கேட்கவும் இல்லை. தன் தங்கைக்கு மூட்டு மூட்டாக வீக்கம் என்றும், விரலை மடக்க முடியாது, தலை வாரக்கூட ஆள் வேண்டும் என்றும், வெளியே யாருக்கும் சொல்வதில்லை என்றும் தாழ்ந்த குரலில் சொன்னார். உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்று தெரியவில்லை என்றார். அண்ணன் அதற்கு என்ன மருந்து, எங்கே பார்க்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வேலை முடிந்தும் நான் உடனே எழவில்லை. அவர்கள் பேசட்டும் என்று இருந்தேன்.

முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன். அண்ணன் படியிலிருந்து எழுந்தார்.

"இப்பப் பரவாயில்லையா?"

ஒண்ணுமில்லண்ணே என்பதுதான் இந்தக் கேள்விக்கு நான் இத்தனை நாள் வைத்திருந்த பதில்.

"இல்லண்ணே. ரத்தம் நிறைய போகுது. இந்த மருந்தும் கேக்கலைன்னு நெனைக்கறேன்."

அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கேட்டருகில் வந்து நின்ற கம்பெனி ஆள், நேரமாகிறது, போகலாமா என்றான். தம்பி பார்க்காமல் நான் சரக்கு எடுத்ததில்லை, இன்னொரு நாள் இரண்டு பேருமாக வருகிறோம், வண்டியை ஆஸ்பத்திரிக்குத் திருப்பச் சொல் என்றார் அண்ணன். இன்றைக்கு வந்தால்தான் இந்த விலை, நாளைக்கு என் கையில் இல்லை என்று அவன் இழுத்தான்.

"போகட்டும்," என்றார் அண்ணன்.

ஒரு விலையை ஒரு வார்த்தை பேசிப் பார்க்காமல் அவர் விட்டதை என் ஆயுளில் அன்றைக்குத்தான் பார்த்தேன். ரத்தத்தைப் பார்த்தபோது வராத பயம் அப்போது வந்தது.

வண்டி திரும்பியது. அவர் என் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து, "மொதல்லேர்ந்து சொல்லு," என்றார். முன்சீட்டில் கம்பெனி ஆள் காதைத் தீட்டிக்கொண்டு அசையாமல் இருந்தான். நாளை இது கடைத்தெரு முழுக்கப் பரவிவிடும். போகட்டும் என்று ஆரம்பித்தேன்.