பதின்மூன்று ஹெர்ட்ஸ்

மூன்று மாதச் சோதனைக் காலத்தின் கடைசி நாள் அது. வேலை நிரந்தரம் என்று கடை முதலாளி மேடம் கையெழுத்துப் போட்டால்தான் என் விசா நீளும். படிவத்தைக் காலையிலேயே அவர் மேஜையில் வைத்திருந்தேன். நாலு மணி வரைக்கும் வைத்த இடத்திலேயே கிடந்தது.

எங்களுடையது கிட்டார் ஆம்ப்ளிஃபையர் பழுதுபார்க்கும் கடை. மேடம் கணக்கே போடமாட்டார். கெப்பாசிட்டர்களை மாற்றி மாற்றி வைத்து, காதால் கேட்டு முடிவுசெய்வார். நான் காகிதத்தில் கணக்குப் போட்டு ஒன்றே ஒன்றை எடுப்பேன். அதனால் கடையில் எனக்குப் பெயர் கணக்குப்பிள்ளை.

முந்தின நாள் ஒரு கிட்டார்காரர் தன் ஆம்ப்பைக் கொண்டுவந்திருந்தார். சத்தத்தைக் கூட்டினால் தடித்த தந்தி குடத்துக்குள் வாசிக்கிற மாதிரி கொழகொழக்கிறதாம். அந்தத் தந்தியின் அதிர்வு எண்பத்திரண்டு ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே உள்ளதை வெட்ட, சத்தத்தைப் பெருக்கும் இரண்டு கண்ணாடி வால்வுகளுக்கு நடுவே இருந்த கெப்பாசிட்டரை மாற்றினேன். கணக்கில் எண்பத்து மூன்று வந்திருந்தது. மறுநாள் மூன்று மணிக்கு அவர் வந்து மெதுவாக வாசித்துப் பார்த்து, திருப்தியாக எடுத்துப் போனார். ஆறு மணிக்கு நிகழ்ச்சி.

அப்புறம்தான் கணக்கைப் பதிவேட்டில் எழுத உட்கார்ந்தேன். கடைசியில் இரண்டு பை (2π), அதாவது ஆறேகாலால் வகுக்க வேண்டும். வகுக்கவே இல்லை. எண்பத்து மூன்று அல்ல, பதின்மூன்று. மேடையில் சத்தத்தை முழுசாகக் கூட்டுவார். வால்வுக்கு ஐம்பது மடங்கு, இரண்டும் சேர்ந்தால் இரண்டாயிரத்து ஐந்நூறு மடங்கு. வெட்டாமல் விட்ட அடிச்சத்தம் அத்தனை பெரிதாகிப் பாட்டையே அமுக்கிவிடும்.

சரியான கெப்பாசிட்டரையும் ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலையும் பையில் போட்டுக்கொண்டு, டீ குடிக்கப் போகிறவன் மாதிரி கிளம்பினேன். வாசலில் மேடம் நின்றார். பையைத் திறக்கச் சொன்னார்.

"இதுக்குத்தான் இத்தனை நாள் நல்ல பிள்ளையா இருந்தியா?"

"திருடல மேடம். கணக்கு தப்பாப் போட்டுட்டேன். அந்த ஆம்ப் மேடையில நம்ம மானத்தை வாங்கிடும்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

என் கண் மேஜைமேல் இருந்த படிவத்துக்குப் போனது. அவரும் திரும்பி அதைப் பார்த்தார். பிறகு கார் சாவியை எடுத்தார்.

வழி முழுக்க மடியில் காகிதத்தை வைத்து எழுதிக்கொண்டே போனேன். எல்லாச் சிக்னலும் சிவப்பு. அரங்கத்துக்குப் போனபோது ஐந்தே முக்கால். "வாங்க டாக்டரே, பேஷன்ட் இழுத்துக்கிட்டு இருக்கு" என்றார், ஒத்திகையில் சத்தத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டிருந்த கிட்டார்காரர். சிரிப்பு முகத்தில் இல்லை.

மின்சாரத்தைப் பிடுங்கினாலும் பெரிய கெப்பாசிட்டர்களில் நானூறு வோல்ட் அப்படியே நிற்கும். கை பட்டால் ஆளே போய்விடுவான். அதை வடியவிட்டு மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முள் இறங்குவேனா என்றது. மேடம் டார்ச் பிடித்திருந்தார். சூட்டுக்கோலை எடுத்ததும் தடுத்தார்.

"முதல்ல கணக்கைச் சொல்லு."

சொன்னேன். ஆறேகாலையும் சொன்னேன். தந்திக்குச் சற்றுக் கீழே, எழுபத்திரண்டு வந்தது.

"எத்தனை தடவை போட்ட?"

"கார்ல பதினோரு தடவை."

"வை."

ஐந்து ஐம்பத்தாறுக்கு மூடியைத் திருகினேன். கிட்டார்காரர் சத்தத்தை முழுசாகக் கூட்டி, தடித்த தந்தியை ஓங்கி அடித்தார். நெஞ்சில் வந்து மோதியது, கொழகொழப்பு இல்லாமல். அவர் அடுத்த தந்தியைச் சுருதி சேர்க்கப் போய்விட்டார். நான் சூட்டுக்கோலைப் பையில் வைத்தேன்.

காரில் மேடம் சொன்னார்: "இன்னைக்குக் கையெழுத்து கிடையாது. தப்புக் கணக்குக்காக இல்ல. பையைத் தூக்கிட்டுக் கிளம்பினியே, அதுக்கு. இன்னும் ஒரு மாசம் பாக்கறேன். விசா ஆபீசுக்கு நானே லெட்டர் தர்றேன்."

ஊரில் அக்கா முடிவு தெரிந்துகொள்ளப் போனில் காத்திருந்தாள். ஒரு மாதம் என்றேன். அது நல்லதா கெட்டதா என்று கேட்டாள்.

"தெரியலக்கா. திங்கக்கிழமை எட்டு மணிக்கு வேலைக்குப் போகணும்."