கொக்கி மாட்ட ஓர் இடம்

ஏசிக்காரர் கூரையிலிருந்து விழுந்தபோது கால்நடை டாக்டரம்மா ஒரு பூனைக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தாள். கொல்லைப்பக்கம் மூட்டையைத் தூக்கிப் போட்ட மாதிரி ஒரு சத்தம் கேட்டது. உடனே கூண்டுகளில் இருந்த நாய்கள் எல்லாம் குரைக்க ஆரம்பித்தன. மீதித் தையலை உதவியாளரிடம் விட்டுவிட்டுக் கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடினாள்.

அவர் சிமெண்டுத் தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். நினைவு இருந்தது. எழுந்து உட்காரப் பார்த்தவரைத் தோளைப் பிடித்து அழுத்தினாள். சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து மருந்துக் கடைக்காரர் ஆளைத் தூக்கி ஆட்டோவில் போடலாம் என்றார். அவள் போட்ட அதட்டலில் அவர் இரண்டடி பின்னால் போனார். இடது தொடை திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. எத்தனையோ நாய்களுக்குக் கால் கட்டிய கை அவளுடையது. பெரிய நாய்களுக்கு வைக்கும் மட்டைகளைக் கொண்டுவரச் சொல்லி, ஆம்புலன்ஸ் வருவதற்குள் கால் அசையாதபடி கட்டி முடித்தாள்.

கட்டும்போதுதான் கவனித்தாள். அவர் இடுப்பில் பாதுகாப்பு பெல்ட் இருந்தது. பெல்ட்டிலிருந்து ஒரு கயிறு, அதன் நுனியில் ஓர் இரும்புக் கொக்கி. அந்தக் கொக்கியை அவர் இன்னும் கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் அதை வாங்க வேண்டியிருந்தது.

அந்தக் கிளினிக் கட்டடத்தை வரைந்தது அவளுடைய சொந்தத் தம்பி. கட்டடக்கலைஞன், பேர் வாங்கியவன். சாலையிலிருந்து பார்த்தால் கூரை ஒரே மடிப்பாகச் சரிந்து இறங்கும். நடுவில் ஒரு குழாய்கூடத் தலைகாட்டாது. பத்திரிகையில் படம் போட்டிருந்தார்கள். தண்ணீர்த் தொட்டியும் ஏசிகளின் அவுட்டோர் பெட்டிகளும் உச்சியில் ஒரு பள்ளத்துக்குள், யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருந்தன. அங்கே போகப் படிக்கட்டு கிடையாது. கொல்லையில் ஏணியைச் சாய்த்து ஏறி, ஏணியை விட்டுவிட்டு, வழவழப்பான தகரத்தில் தவழ்ந்து போக வேண்டும். ஓரத்தில் கைப்பிடிச் சுவர் இல்லை. பிடித்துக்கொள்ள ஒரு வளையம்கூட இல்லை. கட்டடம் எழும்பும்போதே அவள் இதைக் கேட்டிருந்தாள். மேலே யாரு போகப்போறாங்கக்கா என்று சிரித்துவிட்டுத் தம்பி வேறு பேச்சுக்குப் போய்விட்டான்.

ஆஸ்பத்திரியில் ஏசிக்காரரின் மனைவியை உட்காரவைத்துவிட்டு, வராந்தாவுக்கு வந்து தம்பிக்குப் போன் போட்டாள். ஆள் பிழைத்துவிட்டார், தொடை எலும்பும் மணிக்கட்டும் போய்விட்டன என்று சொன்னாள். அவன் பதறிப்போனான். அது நிஜமான பதற்றம்தான். ஆனால் அடுத்த மூச்சிலேயே கேட்டான்.

"பெல்ட் போட்டிருந்தாரா?"

"போட்டிருந்தார்."

"அப்புறம் எப்படிக்கா விழுவார்? மாட்டாம விட்டிருப்பார். இவங்க எப்பவுமே இப்படித்தான்."

"எதுல மாட்டுவார்?" என்றாள். "நீதானே வரைஞ்சே. எதுல மாட்டணும், சொல்லு."

பராமரிப்பு வேறு, வடிவமைப்பு வேறு என்று அவன் விளக்க ஆரம்பித்தான். அவள் போனை வைத்துவிட்டாள். நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் யாரோ, உங்கள் வீட்டுக்காரருக்கா அடிபட்டது என்று கேட்டார்கள். விளக்கப் பொறுமையில்லாமல் ஆமாம் என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

மறுநாளிலிருந்து கூரைக்கு யாரும் போகக்கூடாது என்று சொல்லிவிட்டாள். ஏணியைச் சங்கிலி போட்டுப் பூட்டினாள். கெட்டுப்போன ஏசி கெட்டபடியே கிடந்தது. நாய்கள் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு படுத்திருந்தன. உதவியாளர்கள் ஈரத் துணியும் மின்விசிறியுமாக அல்லாடினார்கள். வீட்டில் அம்மா தன் பங்குக்கு ஆரம்பித்தாள். கூடப் பிறந்தவனைக் குற்றவாளி மாதிரி நிற்கவைக்கிறாயே, அவனா தள்ளிவிட்டான் என்றாள். தள்ளியிருந்தால்கூட ஒரு தடவையோடு போயிருக்கும், இவன் தள்ளிக்கொண்டே இருக்கிறமாதிரி வரைந்து வைத்திருக்கிறான் என்று மகள் சொன்னதும், அம்மா சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோனாள்.

அந்த வாரமே தம்பி வந்தான். கையில் பழங்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்ததாகச் சொன்னான். ஒரு நல்ல கம்பெனியைப் பேசிவிட்டதாகவும், கயிறு, தலைக்கவசம் எல்லாவற்றோடும் பயிற்சி பெற்ற ஆட்கள் வருவார்கள் என்றும் சொன்னான். அவள் மேஜை இழுப்பறையிலிருந்து ஏணிப் பூட்டின் சாவியை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"நீ ஒரு தடவை போயிட்டு வா. தொட்டி மூடியைத் தொட்டுட்டு வந்தாப் போதும்."

ரோஷத்தில் அவன் எழுந்து போனான். அவளே ஏணியைப் பிடித்துக்கொண்டாள். விறுவிறுவென்று ஏறினான். ஏணியின் நுனி வந்ததும் நின்றான். ஒரு கையைத் தகரத்தில் வைத்தான், எடுத்தான். மறுபடி வைத்தான். ஏணியிலிருந்து காலைத் தூக்க அவனால் முடியவில்லை. மெதுவாக இறங்கி வந்து, சரியான செருப்பு போட்டு வரவில்லை என்றான். முகம் வெளுத்திருந்தது. பின்னால் நின்ற உதவியாளர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இவ்வளவு பயம் இவனுக்குள்ளேயே இருந்திருக்கிறது, வரையும்போது அதை இன்னொருத்தருக்குக் கொடுத்திருக்கிறான் என்று நினைத்தபோது கோபம் இன்னும் தலைக்கேறியது.

"தொட்டிக்கு இடம் வரைஞ்சே. மெஷினுக்கு இடம் வரைஞ்சே. அதைப் பாக்கப் போற ஆளுக்கு மட்டும் வரையல," என்றாள். "இப்ப வரை. வேற யார்கிட்டயும் நான் போகமாட்டேன். நீதான் வரையணும்."

முதலில் ஒரு படம் அனுப்பினான். பின்சுவரோடு ஒட்டி நெட்டுக்குத்தாக நிற்கும் இரும்பு ஏணி. தொழிலில் அதற்குப் பேர் பூனை ஏணியாம். இங்கே வரும் பூனைகள் எதுவும் தோளில் கம்ப்ரஸர் தூக்கிக்கொண்டு ஏறுவதில்லை என்று எழுதித் திருப்பி அனுப்பினாள். அடுத்த படத்தில் படி இருந்தது, மேலே போனபிறகு ஒன்றுமில்லை. அதையும் திருப்பினாள். சண்டை போனிலேயே நடந்தது. ஒரு நாள் அவன் குரல் உடைந்து, நீ கேக்கறதை வெச்சா அந்தக் கட்டடமே செத்துடும்க்கா என்றான். சாகட்டும் என்றாள்.

கடைசியில் வந்தது சரியான படம். பக்கவாட்டில் அகலமான இரும்புப் படிக்கட்டு. மேலே கால் வழுக்காத நடைபாதை, ஓரம் முழுக்க இடுப்புயரக் கம்பி, அவுட்டோர் பெட்டிகளைச் சுற்றி நின்று வேலை செய்யச் சமதளம், கொக்கி மாட்ட வளையங்கள். அப்படியே கட்டியபோது எல்லாமே சாலையிலிருந்து பளிச்சென்று தெரிந்தன. வேலை முடிந்த அன்று தம்பி வந்து எதிர்ப்புறம் நின்று பார்த்தான். அழகான முகத்தில் யாரோ பல்லுக்குக் கட்டுகிற கம்பியை வெளியே மாட்டின மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டு, உள்ளே வராமல் போய்விட்டான். அம்மா அதற்கும் அவளிடம்தான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள்.

ஏசிக்காரரின் கால் சேர்ந்தது, ஆனால் நீளம் குறைந்துவிட்டது. ஒருநாள் தாங்கித் தாங்கி நடந்து வந்து படிக்கட்டைப் பார்த்தார். தன்னால் அக்கா தம்பிக்குள் மனஸ்தாபம் ஆகிவிட்டதே என்று வருத்தப்பட்டார். தான்தான் கொஞ்சம் கவனமாக இருந்திருக்க வேண்டும் என்று அவர் சொன்னதும் அவளுக்கு அவர்மேலேயே கோபம் வந்தது.

"இனிமே அப்படிச் சொல்லாதீங்க. நீங்க சொல்றதை வெச்சுத்தான் அவங்க எல்லாரும் தப்பிச்சுக்கறாங்க."

அவர் தலையை ஆட்டினார். கம்பியைப் பிடித்துப் பாதிப் படிவரை ஏறினார். அதற்குமேல் கால் ஒத்துழைக்கவில்லை. இப்போது அவர் கடையில் உட்கார்ந்துதான் ரிப்பேர் பார்க்கிறார். கூரைக்கு வேறு ஆள் வருகிறார்.

தம்பி பல மாதம் பேசவில்லை. மழைக்காலம் முடிந்த சமயத்தில் அவன் எண்ணிலிருந்து ஒரு படம் வந்தது, கூட ஒரு வார்த்தையும் இல்லை. புதிதாக ஒரு பள்ளிக்கூடம் வரைகிறானாம். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனில் விரல்களால் பெரிதாக்கிப் பார்த்தாள். மூன்றாவது மாடியிலிருந்து கூரைக்கு ஒரு படிக்கட்டு, கதவோடு, ஒழுங்காக வரைந்திருந்தது. உடனே கூப்பிட்டாள். எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை.

"படி இருக்கு. ஓரத்துல சுவர் எங்கே?"

"அது அடுத்த தாள்லக்கா," என்றான் எரிச்சலோடு.

"அப்ப அதையும் அனுப்பு."